எழுத்தில்லாத முதுகு

உலகத்தில் தையற்காரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரே கால்சட்டையில் வலது காலுக்கு ஓர் அளவும் இடது காலுக்கு வேறோர் அளவும் வைத்துத் தைக்கிறவள் அண்ணி ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவளுடைய நாத்தனாருக்கு வலது தொடை இடது தொடையைவிட இரண்டு அங்குலம் பெரியது. பதினெட்டு வருஷமாக ஒரே காலை முன்னால் வைத்துப் பாய்ந்துகொண்டிருந்தால் வேறென்ன ஆகும்? கடையில் வாங்கும் கால்சட்டை வலப்பக்கம் இறுக்கிப் பிடிக்கும், இடப்பக்கம் தொளதொளவென்று தொங்கும். அண்ணி தையலைப் பிரித்து, உள்ளே ஒரு துண்டு கொடுத்து, மறுபடி மெஷினில் ஓட்டித் தருவாள். தரும்போது வாய் சும்மா இருக்காது.

"உனக்கு மாப்பிள்ளை பாக்குறதுன்னா, ஒரு பக்கமா மட்டும் பாக்குற ஆளாத் தேடணும் நாத்தனாரே."

"நீங்க அண்ணனைத் தேடிப் பிடிச்ச மாதிரியா?" என்பாள் இவள். அண்ணனுக்கு இடது கண்ணில் பார்வை கொஞ்சம் மட்டு. மூன்று பேரும் சிரிப்பார்கள். இரண்டு அறை வீட்டில் மூன்று பேர் சண்டை போடாமல் ஏழு வருஷம் ஓட்டினார்கள் என்றால், இந்தச் சிரிப்பு இல்லாமல் நடந்திருக்காது.

நாத்தனார் வாள்வீச்சுக்காரி. குடியிருப்பில் கத்திக்காரி என்பார்கள். அவள் வந்த புதிதில் வாசல் காவலாளி அந்த நீளப் பையைத் திறக்கச் சொல்லி, உள்ளே நாலு வாளைப் பார்த்து மிரண்டுபோய் வைத்த பெயர் அது. அப்புறம் மின்தூக்கியில் அவளோடு ஏறுகிறவர்கள் எல்லாரும் பையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். பாவம், ஈயைக்கூட அடிக்கத் தெரியாதவள்.

அந்த வாள் வெட்டுகிற வாள் இல்லை. நுனியில் பயறு அளவுக்கு ஒரு பொத்தான் இருக்கும். அது எதிராளியின் மேல் அழுந்தினால் விளக்கு எரியும், ஒரு புள்ளி. தலையிலிருந்து கால்வரை எங்கே பட்டாலும் புள்ளிதான். ஆனால் எதிராளியின் உடம்பில் நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது வாள் பிடித்த கையின் மணிக்கட்டு. அதை மறைக்க வாளின் பிடிக்கு முன்னால் ஒரு இரும்புக் கிண்ணம் கவிழ்த்திருக்கும். மணிக்கட்டை அந்தக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்கத் தெரிந்தவள் ஜெயிப்பாள். இரண்டு விரல் அகலம் வெளியே தெரிந்துவிட்டால் தீர்ந்தது. மொத்த ஆட்டமும் அந்த இரண்டு விரல் அகலத்தில்தான் இருக்கிறது.

பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தில் பிடித்த பிடி. ஆறு பெண்களுக்கு நாலு முகக்கவசம். முந்தின பெண்ணின் வியர்வை காயாத கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு மூச்சை அடக்கியபடி ஆடியவள், இருபத்து நாலு வயதில் சொந்த நாட்டின் அணியில் இருந்தாள். வெள்ளைச் சட்டையின் முதுகில் அவள் பெயரும், கீழே நாட்டின் மூன்று எழுத்தும். அந்தச் சட்டையை வாங்கின அன்று பேருந்தில் முதுகைச் சாய்க்காமல் வீட்டுக்குப் போனாள். எழுத்து கசங்கிவிடுமாம்.

அணியில் இருந்தாள் என்றால் ஏதோ ராஜபோகம் என்று நினைக்க வேண்டாம். போட்டிக்குப் போக டிக்கெட் வரும் என்பார்கள், வராது. வாள் வரும் என்பார்கள், அதுவும் வராது. இந்த நிலையில், அண்ணன் ஏற்கெனவே குடியேறியிருந்த இந்த ஊரில் ஒரு வாள்வீச்சுக் கிளப்புக்குப் பயிற்சியாளர் வேண்டும் என்று தகவல் வந்தது. கிளம்பிவிட்டாள். வேலை அனுமதிச் சீட்டில் "பயிற்சியாளர்" என்று போட்டிருந்தது. அந்தக் கிளப்பில், அந்த வேலையில் இருக்கும்வரைதான் அவள் இங்கே இருக்கலாம்.

வந்த முதல் வாரமே அண்ணி பழைய சட்டையிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்தாள். இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சூடு காட்டி, நகத்தால் சுரண்டி எடுத்தாள். எழுத்து போனது, பசை போகவில்லை. எத்தனை தடவை துவைத்தாலும் அந்த மூன்று எழுத்தும் லேசான மஞ்சளில் முதுகில் நின்றன.

"போகட்டும் விடு. புது எழுத்து மேல வந்தா மறைஞ்சுடும்" என்றாள் அண்ணி.

புது எழுத்து வருவதற்கு ஒரு வழி இருந்தது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை இந்த நாட்டு அணிக்குத் தேர்வுப் போட்டி நடக்கும். வெளியிலிருந்து வந்தவர்களும் ஆடலாம். முதல் நாலு இடத்துக்குள் வந்தால், குடியுரிமை கொடுக்கச் சொல்லி விளையாட்டுச் சங்கமே சிபாரிசு செய்யும். ஒரே ஒரு நிபந்தனை. பழைய நாட்டின் சங்கம் விடுவித்துக் கடிதம் தர வேண்டும். இல்லையென்றால் அந்த நாட்டுக்காகக் கடைசியாக ஆடிய நாளிலிருந்து மூன்று வருஷம் முழுசாக முடிந்திருக்க வேண்டும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? பழைய சங்கத்தின் செயலாளர் பதினொரு கடிதத்துக்குப் பதில் போடவில்லை. சரி, மூன்று வருஷத்தை எண்ணிக் கழித்துவிடுவோம் என்று இருந்தாள். கழிய நாலே மாதம் இருக்கும்போது அந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு ஆள் எண்ணிக்கை குறைந்ததென்று பழைய பட்டியலிலிருந்து இவள் பெயரையும் சேர்த்து அனுப்பிவிட்டார். இவளுக்குத் தெரியவே தெரியாது. முடிவுப் பட்டியலில் கடைசியில் இவள் பெயர், பக்கத்தில் "வரவில்லை" என்று ஒரு குறிப்பு. வராவிட்டாலும் பெயர் கொடுத்தது கொடுத்ததுதானாம். மூன்று வருஷம் மறுபடி ஒன்றிலிருந்து. அந்தத் தடவை தேர்வு கண்ணெதிரே நடந்து முடிந்தது. இவள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, ஜெயித்தவர்களுக்குக் கைதட்டிவிட்டு வந்தாள். அந்தச் செயலாளருக்கு நல்ல கதி வராது என்று அண்ணி சாபம் விட்டாள். அவருக்கு அடுத்த மாதமே பதவி உயர்வு வந்தது.

அடுத்த தேர்வுவரை கிளப்தான் வாழ்க்கை. டயர் கடைக்கு மேலே, தாழ்ந்த கூரை போட்ட ஒரு நீள மாடி. ஏறும்போதே ரப்பர் வாசனையும் ஈரத் தோல் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். காலையில் பழுது வேலை. வாளின் நுனிப் பொத்தானைக் கழற்றி, துரு துடைத்து, ஸ்பிரிங் மாற்றி, முக்கால் கிலோ எடைக்கல்லை நுனியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் அந்தக் கல்லைத் தூக்கினால் வாள் சரி. மாலையில் பாடம். ஆளுக்கு இருபது நிமிஷம், எட்டுப் பேர். பல் டாக்டர், வக்கீல், நிலம் வாங்கி விற்கும் ஒரு பருத்த மனிதர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் அம்மாள் என்று எல்லாரும் வேலை முடித்து, களைத்துப்போய், யாரையாவது குத்த வேண்டும் என்ற நியாயமான ஆசையோடு வருகிறவர்கள்.

இந்த விளையாட்டில் பாடம் என்றால் என்ன தெரியுமா? வாத்தியார் அடி வாங்குவது. கனத்த தோல் கையுறை போட்டுக்கொண்டு எதிரே நிற்க வேண்டும். மாணவர் ஒரு சின்ன அடி வைப்பார், இன்னொரு சின்ன அடி வைப்பார், ஒரு மூச்சு நிற்பார், அப்புறம் பாய்வார். முதல் பாடத்தில் சொல்லித் தருவது இதுதான். அவர் பாய்கிற அந்த நொடியில் வாத்தியார் மணிக்கட்டை இரண்டு விரல் அகலம் வெளியே காட்ட வேண்டும். முன்னாலேயே காட்டினால் மாணவருக்குச் சோம்பல் வரும். பின்னால் காட்டினால் எரிச்சல் வரும். சரியான நொடியில், கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் கொடுக்க வேண்டும். தானே கண்டுபிடித்துக் குத்தியதாக அவர் நம்ப வேண்டும். விளக்கு எரியும். "பிரமாதம். இன்னொரு தடவை" என்று சொல்ல வேண்டும்.

இதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பக்கத்துக் கிளப்களிலிருந்தெல்லாம் அவளிடம் பாடம் எடுக்க ஆள் வந்தது. கிளப் முதலாளி, அவரும் ஒரு காலத்தில் ஆடியவர், பெருமையாகச் சொல்வார். "எங்க வாத்தியாரம்மா குடுக்குற மாதிரி யாரும் குடுக்க முடியாது. செத்த பிணம்கூட அவங்க கையில குத்திடும்."

வேலை அனுமதியைப் புதுப்பிக்க வருஷா வருஷம் உடல் பரிசோதனை. ஒரு வருஷம் அங்கிருந்த நர்ஸ் அவள் வலது கையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பச்சையும் நீலமுமாகக் கன்றிப்போயிருந்தது.

"பயப்படாம சொல்லுங்க. வீட்டுல யாராச்சும் அடிக்கிறாங்களா?"

"இல்லைங்க. வேலையில அடிக்கிறாங்க. அடி வாங்குறதுக்குத்தான் சம்பளம்."

நர்ஸ் தொலைபேசியை எடுத்தேவிட்டாள். வாள், கையுறை, பல் டாக்டர் எல்லாம் விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணி சிரித்துச் சிரித்து ஊசியைக் கீழே போட்டுத் தேடினாள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "கை வலிக்குதா?" என்று ஒரு தடவை கேட்டான்.

முப்பத்திரண்டு வயதில் அவளுடைய முறை வந்தது. மூன்று வருஷம் முடிந்து, அதற்கு மேலும் ஒரு வருஷம் ஆகியிருந்தது. இனி எந்தச் செயலாளரும் எதுவும் செய்ய முடியாது. அடுத்த தேர்வின்போது முப்பத்தாறு. அதுவரை முட்டி தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆக, இது ஒன்றுதான்.

விடியற்காலையில் ஓடினாள். மத்தியானம் கிளப்பில் ஆள் வருமுன் கண்ணாடிக்கு எதிரே நின்று தனியாகப் பயிற்சி செய்தாள். மாலையில் பாடம். பாடத்தைக் குறைத்துக்கொள்ளட்டுமா என்று முதலாளியிடம் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். "உங்க அனுமதிச் சீட்டுல இத்தனை மணி நேரம் பாடம்னு எழுதியிருக்கே வாத்தியாரம்மா. குறைச்சா அவங்க கேப்பாங்களே" என்றார். உண்மைதான், கேட்பார்கள்.

தேர்வுக்கு முந்தின வாரம் அண்ணியின் மெஷின் மேல் நீலத் துணியில் வெட்டிய எழுத்துகளைப் பார்த்தாள். அவள் பெயர். கீழே இந்த நாட்டின் மூன்று எழுத்து. ஓரம் பிசிறில்லாமல் கச்சிதமாக வெட்டியிருந்தது.

"என்ன அண்ணி இது, இன்னும் ஆடவே இல்ல!"

"நீ ஆடி முடிச்சு வந்து, நான் அப்புறம் துணி வாங்கி வெட்டணுமா? அன்னிக்கே தைச்சுடணும். அந்த மஞ்சக் கறையைப் பாத்துப் பாத்து எனக்கு ஏழு வருஷமா அரிக்குது."

அவள் எழுத்துகளைத் தொடவில்லை. 

தேர்வு ஒரு பெரிய கல்லூரியின் உள்ளரங்கில், காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. நாற்பத்தொரு பெண்கள். எல்லார் முதுகும் அன்றைக்கு வெறுமைதான், ஜெயித்தவர்களுக்குத்தான் எழுத்து. முதல் சுற்று ஐந்து புள்ளி ஆட்டங்கள். இவள் ஆறு ஆட்டமும் ஜெயித்தாள். அதில் ஒன்று, ஆட்டம் கற்று ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு வங்கி ஊழியருடன். அந்தப் பெண் பயந்துபோய், ஒரு சின்ன அடி, இன்னொரு சின்ன அடி, ஒரு மூச்சு என்று புத்தகத்தில் இருப்பதுபோல வந்து பாய்ந்தாள். விளக்கு எரிந்தது, அந்தப் பெண்ணின் பக்கம். இவளுக்கே வேடிக்கையாக இருந்தது. கையுறை வியர்வையில் வழுக்கியது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த ஐந்து புள்ளியை வரிசையாக எடுத்து ஆட்டத்தை முடித்துவிட்டு, கையுறையை மாற்றினாள். அன்றைக்குச் செய்த தப்பு அதுதான். கையை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கையுறையை மாற்றினாள்.

அப்புறம் தோற்றால் வெளியே என்கிற சுற்றுகள், பதினைந்து புள்ளி. முதல் இரண்டையும் தாண்டினாள். மிச்சம் எட்டுப் பேர். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் முதல் நாலுக்குள் வந்துவிடலாம்.

எதிராளி ஒரு போலீஸ்காரி. காவல்துறை அணியில் ஆடுகிறவள். நெடுநெடுவென்று உயரம், கை நீளம், நல்ல வேகம். ஆனால் அன்றைக்கு இவள் வேறு ஏதோ ஆகியிருந்தாள். போலீஸ்காரி வைத்த பொறி எதிலும் விழவில்லை. ஏமாற்றி வருவாள், இவள் காத்திருந்து மணிக்கட்டில் தட்டுவாள். வேகமாக வருவாள், இவள் ஒதுங்கித் தோளில் வைப்பாள். ஐந்துக்கு மூன்று. ஒன்பதுக்கு ஆறு. பன்னிரண்டுக்கு ஒன்பது. மேல் வரிசையில் அண்ணன் ஒன்றும் புரியாமல் விளக்கை மட்டும் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தான். அண்ணி நீல எழுத்துகள் இருந்த கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். பதினாலுக்குப் பதினொன்று. இன்னும் ஒரே புள்ளி.

போலீஸ்காரி முகக்கவசத்தைத் தூக்கி முகம் துடைத்தாள். அவள் முகத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. கையில் இருந்த வித்தையெல்லாம் தீர்ந்து, பயத்தில் மனது வெறுமையாகிப்போனால் மனிதர் எங்கே போவார்? முதன்முதலில் கற்ற இடத்துக்குப் போவார். ஒரு சின்ன அடி வைத்தாள். இன்னொரு சின்ன அடி. ஒரு மூச்சு நின்றாள். பாய்ந்தாள்.

இவளுடைய மணிக்கட்டு, இரண்டு விரல் அகலம், திறந்தது.

பதினாலுக்குப் பன்னிரண்டு. அப்போதே இவளுக்குத் தெரிந்துவிட்டது. வங்கி ஊழியரிடம் போன அந்தப் புள்ளி ஞாபகம் வந்தது. அது கையுறை இல்லை. ஒரு மாலைக்கு எட்டுப் பேர், ஆளுக்கு நாற்பது குத்து, ஏழு வருஷம். ஆறு லட்சம் தடவை இந்தக் கை இந்தத் தாளத்துக்குத் திறந்திருக்கிறது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இது வெறும் எலும்பும் தோலும்.

போலீஸ்காரிக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை, ஆனால் பலித்தது என்று தெரிந்தது. பலித்ததை யார் விடுவார்? மறுபடி சின்ன அடி, சின்ன அடி. இவள் பல்லைக் கடித்துக்கொண்டு "திறக்காதே" என்று கையிடம் சொன்னாள். ஒரு மூச்சு. கை திறந்தது. பதினாலுக்குப் பதின்மூன்று. களத்துக்கு வெளியே நின்ற கிளப் முதலாளி "போங்க! நீங்களே முன்னால போங்க!" என்று கத்தினார். சரிதான், காத்திருக்காமல் தானே பாய்ந்துவிட்டால் அந்தத் தாளமே வராது. பாய்ந்தாள். ஆனால் கையை நம்பாமல் பிடியை இறுக்கிப் பிடித்துப் பாய்ந்தாள், வாள் மரக்கட்டையாகப் போனது. போலீஸ்காரி அரை அடி பின்வாங்கி, நீட்டிக்கொண்டு வந்த கையில் நிதானமாக வைத்தாள். பதினாலுக்குப் பதினாலு.

அரங்கம் முழுக்க இந்தக் களத்தைச் சுற்றி வந்து நின்றது. இவள் கோட்டில் போய் நின்றாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். எப்போது வரும், எங்கே வரும், எல்லாம் தெரியும். அவள் கற்றுக்கொடுக்கிற பாடம்தானே. ஒரு சின்ன அடி. இன்னொரு சின்ன அடி. ஒரு மூச்சு.

கை மணிக்கட்டைக் கொடுத்துவிட்டது. பதினாலுக்குப் பதினைந்து.

வாளை முகத்துக்கு நேரே தூக்கி வணக்கம் வைத்தாள். நடுவருக்கு ஒன்று, எதிராளிக்கு ஒன்று. வைக்காமல் போனால் அபராதம். கைகுலுக்கும்போது போலீஸ்காரி கையை விடவில்லை. "என்னாச்சு உங்களுக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள். இவள் கையை உருவிக்கொண்டு நடந்தாள். உடை மாற்றும் அறையில் பழைய சட்டையைக் கழற்றி மடித்தாள், மஞ்சள் எழுத்து உள்ளே போகும்படி.

முதலாளி வாசலில் காத்திருந்தார். சுற்றிலும் என்ன பேசுகிறார்கள் என்பது அவர் முகத்திலேயே இருந்தது. ஆட்டம் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அந்த மணிக்கட்டு திறந்தது கண்ணில் பட்டிருந்தது.

"உண்மையைச் சொல்லுங்க வாத்தியாரம்மா. வேணும்னே குடுத்தீங்களா?"

"நான் குடுக்கல சார். கை குடுத்துடுச்சு."

 அவரும் ஆடியவர் இல்லையா, புரிந்தது. "ஏழு வருஷமா குடுக்கச் சொன்னது நான்தானே" என்றார்.  காரில் ஏற்றி மூன்று பேரையும் வீட்டில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் அண்ணி கைப்பையைத் திறக்கவே இல்லை.

எல்லாவற்றிலும் கொடுமை அடுத்த வாரம் நடந்தது. கை மூடிக்கொண்டது. கோபமோ அவமானமோ, எதுவோ அதை இறுக்கிப் பூட்டிவிட்டது. பல் டாக்டர் வந்தார், சின்ன அடி வைத்தார், பாய்ந்தார், கிண்ணத்தில் டங்கென்று மோதினார். நாற்பது தடவையும் மோதினார். வக்கீலும் மோதினார். தேர்வன்று திறந்த கை, இப்போது கெஞ்சினாலும் திறக்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்கிறார்களே, அது அவளுக்கு மட்டும் ஒரு வாரம் தப்பிப்போனது, அதுவும் தப்பான வாரம்.

"நான் பல்லு புடுங்கிக் களைச்சு வரேன். இங்க வந்து இரும்புச் சட்டியை இடிச்சுட்டுப் போகணுமா?" என்று பல் டாக்டர் முதலாளியிடம் சொன்னார். வங்கி மேலாளர் அம்மாள் வருவதை நிறுத்தினார். பதினைந்து நாளில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள்.

முதலாளி அவளைப் பழுது மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். முகத்தைப் பார்க்காமல் எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அவங்க போட்டிக்கு வரல வாத்தியாரம்மா. சந்தோஷத்துக்கு வராங்க. பாடம் எடுக்க ஆள் இல்லன்னா நான் சீட்டுல எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? பொய் சொல்ல முடியாதே." அப்புறம் இருமிவிட்டுச் சொன்னார். "இன்னிக்குச் சாயங்காலம் புதுசா ஒருத்தர் பாடத்துக்கு வராங்க. உங்ககிட்டதான் வேணும்னு சொன்னாங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

புதிதாக வந்தது போலீஸ்காரி.

படியேறி வந்தவள் முகத்தில் திமிர் இல்லை, சங்கடம்தான் இருந்தது. அணியின் புதுச் சட்டையைப் போட்டிருந்தாள். "தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னும் ரெண்டு மாசத்துல வெளிநாட்டுல போட்டி. மணிக்கட்டுல குத்த எனக்கு வராது, அன்னிக்கே பாத்தீங்களே. உங்களை மாதிரிச் சொல்லிக்குடுக்க ஆள் இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க." நிறுத்தினாள். "அன்னிக்கு நீங்கதான் ஜெயிச்சிருக்கணும். எனக்குத் தெரியும்."

தெரிந்து என்ன பிரயோசனம் என்ற கேள்வி வாய்வரை வந்தது.  தோல் கையுறையை மாட்டிக்கொண்டு எதிரே போய் நின்றாள்.

முதல் பாய்ச்சல் கிண்ணத்தில் இடித்தது. இரண்டாவதும் இடித்தது. முதலாளி தூரத்தில் ஒரு வாளைத் துடைப்பதுபோல நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவள் அனுமதிச் சீட்டை நினைத்தாள். அண்ணன் வீட்டின் முன்னறையில் தான் சுருட்டி வைக்கும் படுக்கையை நினைத்தாள். திரும்பிப் போனால், சட்டையில் மஞ்சள் எழுத்தாக நிற்கும் அந்த நாட்டில் தனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள். போலீஸ்காரி ஒரு சின்ன அடி வைத்தாள், இன்னொரு சின்ன அடி, ஒரு மூச்சு. இவள் மணிக்கட்டைத் திறந்தாள். கை தானாகச் செய்யவில்லை, இவளே செய்தாள்.

விளக்கு எரிந்தது.

"பிரமாதம். இன்னொரு தடவை."

போலீஸ்காரி திரும்பித் தன் கோட்டுக்கு நடந்தாள். அப்போதுதான் அந்த முதுகை இவள் முழுசாகப் பார்த்தாள். பெயர். கீழே மூன்று எழுத்து. யாரோ அவசரத்தில் பசை போட்டு ஒட்டியது, கடைசி எழுத்தின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. சட்டைகளைச் சோதிப்பவர்கள் பார்த்தால் களத்தில் இறங்க விடமாட்டார்கள். பழுது பார்ப்பதும் இவள் வேலைதானே. பாடம் முடிந்ததும் "அதைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. நாளைக்குத் தைச்சு வைக்கிறேன்" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் பையிலிருந்து சட்டையை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். முதுகு மேல் பக்கமாக விழுந்தது. உள்ளேயிருந்து வந்த அண்ணி மூன்று எழுத்தையும் பார்த்த மாத்திரத்தில், "அடியே! குடுத்துட்டாங்களா!" என்று கத்தினாள். அண்ணன் குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடி வந்தான்.

"மேல இருக்குற பேரைப் படிங்க அண்ணி."

அண்ணி படித்தாள். கையை மெதுவாகச் சட்டையிலிருந்து எடுத்தாள். அண்ணன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே திரும்பிப் போனான். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணிக்குக் கேலி ஒன்றும் கிடைக்கவில்லை.

"நான் தைக்க மாட்டேன்."

"ஓரம் மட்டும்தான் அண்ணி. பிரிஞ்சிருக்கு."

அண்ணி அவளைப் பார்த்தாள். மெஷினின் இழுப்பறையைத் திறந்து நீல நூல்கண்டைத் தேடினாள். அதனடியில் பழைய காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது, மடிப்பில் நீல எழுத்தின் ஓரம் தெரிந்தது. அதை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு நூலை எடுத்தாள். கண் கலங்கியிருந்ததால் ஊசியில் நூல் ஏறவில்லை, மூன்று தடவை முயன்றாள். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசியை வாங்கி, நூலைக் கோத்துக் கொடுத்தாள்.